தொடக்க வகுப்பில் வாசிப்புக் குழுக்கள்: புதுவைத் திண்ணை முதல் கற்றல் ஏணி வரை

ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் முப்பது குழந்தைகளும் ஒரே அளவில் வாசிப்பதில்லை. ஒரு குழந்தை கதையைத் தடையின்றிப் படிக்கும். பக்கத்தில் இருக்கும் குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும். இன்னொரு குழந்தைக்கு எழுத்துகளே பிடிபட்டிருக்காது. இவர்கள் அனைவருக்கும் ஓர் ஆசிரியர் எவ்வாறு வாசிப்பைக் கற்பிப்பது? இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளுள் ஒன்று, வாசிக்கும் நிலைக்கேற்ப மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரிப்பதாகும்.

இது மேலைநாட்டிலிருந்து அண்மையில் வந்த முறை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் தென்னிந்தியத் திண்ணைப் பள்ளிகளில் இது நெடுங்காலம் வழக்கத்தில் இருந்தது. அங்கிருந்து சென்னை எழும்பூர் வழியாக லண்டனுக்கும், லண்டனிலிருந்து பாரிசுக்கும் சென்றது. திண்ணைப் பள்ளியும் பிரெஞ்சு முறைப் பள்ளியும் ஒரே ஊரில் இருந்த புதுச்சேரி, இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள ஏற்ற இடமாகும். குழு முறை எந்த நிலையில் குழந்தைக்கு உதவியது, எந்த நிலையில் குழந்தையை ஓரிடத்தில் கட்டிப்போட்டது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

புதுச்சேரியில் இரு வகைக் கல்வி

பாவேந்தர் பாரதிதாசன் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் புதுச்சேரியில் பிறந்தார். இயற்பெயர் சுப்புரத்தினம். திருப்புளிசாமி என்ற ஆசிரியரிடம் தொடக்கக் கல்வி பெற்று, பின்னர்க் கல்வே கல்லூரியில் தமிழ் பயின்றார். 1909ஆம் ஆண்டு, பதினெட்டாம் வயதில், காரைக்காலை அடுத்த நிரவியில் தமிழாசிரியராகப் பணியில் சேர்ந்தார். பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் 37 ஆண்டுகள் பணியாற்றி 1946ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார்.

அவருடைய காலத்துப் புதுவையில் ஒருபுறம் தமிழ் மரபுவழிக் கல்வியும் மறுபுறம் பிரெஞ்சு அரசின் பள்ளிக் கல்வியும் இருந்தன. மரபுவழிக் கல்வியில் மாணவன் எந்தச் சுவடியைப் படிக்கிறான் என்பதே அவனுடைய நிலையைக் காட்டியது. அரசுப் பள்ளியில் அவன் எந்த வகுப்பில் இருக்கிறான் என்பது காட்டியது. இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆனால் குழு முறையின் வரலாறு முழுவதும் இதனைச் சுற்றியே அமைந்துள்ளது.

திண்ணைப் பள்ளியின் அமைப்பு

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இன்றைய பொருளில் வகுப்பு இல்லை. ஐந்து வயதுச் சிறுவனும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே திண்ணையில் அமர்ந்தனர். புதிதாகச் சேர்ந்தவன் மணலில் விரலால் எழுத்தை எழுதி, எழுதும்போதே உரக்கச் சொல்வான். எழுத்துகளைக் கற்றபின் அரிச்சுவடி, பிறகு ஆத்திசூடி, கொன்றைவேந்தன் போன்ற நீதிநூல்கள், எண்சுவடி, நிகண்டு என்று படிப்பு வளரும். மணலை விட்டு ஓலைக்கும் எழுத்தாணிக்கும் வருவது ஒரு முக்கியமான வளர்ச்சியாகக் கருதப்பட்டது.

ஒவ்வொருவரும் வெவ்வேறு நிலையில் இருந்ததால் ஆசிரியர் எல்லோருக்கும் ஒரே பாடத்தைச் சொல்ல இயலாது. எனவே முன்னேறிய மாணவர்களுள் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து, தனக்குக் கீழுள்ள சிறுவர்களுக்குப் பாடம் சொல்வான். அவன் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சிறுவர்கள் ஒப்பிக்கும்போது கேட்டுத் திருத்துவான். இதனால் கற்பவனுக்குப் பயிற்சி கிடைத்தது. கற்பிப்பவனுக்கும் தான் படித்தது மனத்தில் நன்கு பதிந்தது.

இவ்வழக்கத்தை வெளிநாட்டார் பலர் கண்டு எழுதியுள்ளனர். இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வால்லே 1623ஆம் ஆண்டு கர்நாடகத்தின் இக்கேரிப் பகுதியில் பயணம் செய்தபோது, கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே பாட்டாகப் பாடியும் மணலில் எழுதியும் கணக்குக் கற்றுக்கொள்வதைப் பார்த்தார். தவறினால் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டனர் என்று அவர் குறித்துள்ளார். 1706ஆம் ஆண்டு காரைக்காலுக்கு அருகிலுள்ள தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், தமிழ் எழுத்துகளைக் கற்பதற்காகச் சிறுவர்களோடு சேர்ந்து அமர்ந்து மணலில் எழுதிப் பழகினார்.

பெல்லாரி ஆட்சியர் கண்ட நான்கு குழுக்கள்

திண்ணைப் பள்ளியில் மாணவர்கள் எவ்வாறு பிரிக்கப்பட்டனர் என்பதற்குத் தெளிவான எழுத்துச் சான்று 1823ஆம் ஆண்டில் கிடைக்கிறது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ, மாகாணத்தில் உள்ள நாட்டுப் பள்ளிகளைப் பற்றிக் கணக்கெடுக்குமாறு 1822ஆம் ஆண்டு ஆட்சியர்களுக்கு ஆணையிட்டார். அதற்கு விடையாகப் பெல்லாரி மாவட்ட ஆட்சியர் ஏ. டி. கேம்பல் 1823 ஆகஸ்டில் ஒரு விரிவான அறிக்கை அனுப்பினார். பெல்லாரி கன்னடமும் தெலுங்கும் வழங்கிய பகுதியானாலும், அவர் விவரிக்கும் பள்ளி தமிழகத் திண்ணைப் பள்ளியை ஒத்தது.

காலையில் முதலில் வந்த மாணவனின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வந்தவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு ஓர் இலேசான அடி, நான்காமவனுக்கு இரண்டு அடி என்று அது கூடிக்கொண்டே போகும். எல்லோரும் வந்தபின் மாணவர்கள் எண்ணிக்கைக்கும் திறனுக்கும் ஏற்பப் பல பிரிவுகளாகப் பிரிக்கப்படுவர். பொதுவாக நான்கு பிரிவுகள் இருக்கும். கீழ்ப்பிரிவுகளை ஓரளவுக்குச் சட்டாம்பிள்ளைகள் கவனிப்பர். மேற்பிரிவுகளை ஆசிரியர் நேரில் கவனிப்பார். அதே வேளையில் பள்ளி முழுவதும் அவருடைய பார்வையில் இருக்கும். ஒரு மாணவன் தன் திறனுக்கும் முன்னேற்றத்துக்கும் ஏற்ப ஒரு பிரிவிலிருந்து அடுத்த பிரிவுக்கு உயர்வான். ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பெல்லாரி மாவட்டத்தில் அப்போது 533 பள்ளிகளும் 6,641 மாணவர்களும் இருந்தனர். சராசரியாக ஒரு பள்ளிக்குப் பன்னிரண்டு மாணவர். நான்கு பிரிவுகள் என்றால் ஒரு பிரிவுக்கு ஏறத்தாழ மூவர். இன்று ஆசிரியப் பயிற்சியில் பேசப்படும் சிறுகுழுக் கற்பித்தல் அங்கே இயல்பாகவே நடந்துள்ளது.

முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைக் கேம்பல் மனமாரப் பாராட்டினார். ஆனால் குறையையும் மறைக்கவில்லை. பேச்சுவழக்குக்குத் தொலைவான பழைய செய்யுள் நடையில் நூல்கள் இருந்ததால், மாணவர்கள் பொருள் விளங்காமல் ஒப்பித்தனர் என்று அவர் எழுதினார். எழுத்தை ஒலிப்பதும் பொருளை உணர்வதும் வெவ்வேறு என்பது அன்றே கவனிக்கப்பட்டது.

மற்றொரு குறை இதைவிடப் பெரியது. 1826ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மன்றோ தொகுத்த குறிப்பின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளில் 1,88,650 பேர் படித்தனர். அவர்களுள் பெண் குழந்தைகள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு உள்ளாக்கப்பட்ட சாதிக் குழந்தைகளுக்குத் திண்ணையில் இடம் கிடைப்பது மிக அரிது. திண்ணைக்குள் வந்த சிறுவன் எளிதாக அடுத்த பிரிவுக்கு உயர முடிந்தது. ஆனால் திண்ணையில் ஏறவே முடியாத குழந்தைகள்தாம் மிகுதி. பழைய முறையின் சிறப்பைக் கூறும்போது இதனையும் சேர்த்தே கூற வேண்டும்.

புதுச்சேரியில் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய து. செந்தில் பாபு, திண்ணைப் பள்ளிகளின் கணிதக் கல்வியை ஆராய்ந்துள்ளார். அங்கு மனப்பாடம் என்பது வெறும் ஒப்பித்தல் மட்டுமன்று, அளவையும் கணக்கையும் கையாளப் பழக்கிய ஒரு கற்றல் முறை என்பதை அவருடைய ஆய்வுகள் விளக்குகின்றன. திண்ணைப் பள்ளியை முழுதும் புகழாமலும் முழுதும் ஒதுக்காமலும் பார்க்க அவை உதவுகின்றன.

எழும்பூரில் நடந்த சோதனை

இசுக்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1787ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தார். ஆங்கிலப் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்காக எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆதரவற்றோர் இல்லத்தின் கண்காணிப்பாளராக 1789ஆம் ஆண்டு பொறுப்பேற்றார். அங்கிருந்த ஆசிரியர்களைக் கொண்டு அவர் விரும்பியபடி எழுத்துக் கற்பிக்க முடியவில்லை. அந்நிலையில் சென்னையில் ஒரு நாட்டுப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டார். அதையே தம் பள்ளியில் செய்யுமாறு கூறியபோது ஆசிரியர்கள் ஆர்வம் காட்டவில்லை. எனவே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். அச்சிறுவன் அதனைத் திறம்பட நடத்தினான்.

அதன்பின் பெல் பள்ளி முழுவதையும் மாணவர்களைக் கொண்டே நடத்தலானார். ஒவ்வொரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ளவர்கள் இருந்தனர். பிரிவுக்குள்ளும் இருவர் இருவராக, நன்கு தெரிந்தவன் தெரியாதவனுக்குத் துணையாக அமர்ந்தான். தொடர்ந்து முன்னிலையில் நிற்பவன் மேற்பிரிவுக்கு அனுப்பப்பட்டு அங்கே கடைசி இடத்தில் அமர்வான். அங்கும் முன்னேறினால் நிலைப்பான். பின்தங்குபவன் கீழ்ப்பிரிவுக்கு வருவான். இந்த ஏற்ற இறக்கமே பெல்லின் முறைக்கு அடிப்படை.

1796ஆம் ஆண்டு பெல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டு லண்டனில் தம் சோதனையைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்று பெயர் பெற்றது. அதே காலத்தில் லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் என்பவரும் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, மாணவர்களைக் கொண்டு மாணவர்களுக்குக் கற்பித்தார்.

லங்காஸ்டர் வாசிப்புப் பிரிவுகளை மிக நுட்பமாக வகுத்தார். முதல் பிரிவு எழுத்துகளைக் கற்கும். இரண்டாவது இரண்டெழுத்துச் சொற்கள், மூன்றாவது மூன்றெழுத்துச் சொற்கள் என்று படிப்படியாக உயர்ந்து, மேல் பிரிவுகள் நூல்களைப் படிக்கும். சுவரில் தொங்கும் அட்டையைச் சுற்றி அரைவட்டமாக நின்று குழந்தைகள் வாசித்தனர். ஒரே புத்தகத்தைப் பலர் பயன்படுத்த இது வழி செய்தது. மேலும், வாசிப்புக்கு ஒரு பிரிவு, கணக்குக்கு வேறொரு பிரிவு என்று பட்டியல் தனித்தனியாக இருந்தது. வாசிப்பில் பின்தங்கிய சிறுவன் கணக்கில் முன்வரிசையில் இருக்கலாம். ஒரு பாடத்தின் குறை அவனுக்கு முழுப் பெயராக ஒட்டிக்கொள்ளவில்லை.

ஆனால் லண்டனில் இம்முறை பெருகியதற்கு முதன்மைக் காரணம் சிக்கனமே. ஓர் ஆசிரியர் நூற்றுக்கணக்கான குழந்தைகளை மேய்க்க முடிந்தது. பன்னிரண்டு பேர் இருந்த திண்ணையில் ஆசிரியரின் கண் எல்லோர் மீதும் இருந்தது. நூற்றுக்கணக்கானோர் இருந்த கூடத்தில் அது இயலவில்லை. சிறுவர் சொல்லிக்கொடுத்ததைச் சரிபார்க்கப் பெரியவர் இல்லாதபோது படிப்பு இயந்திரத்தனமாயிற்று.

பாரிசு வழியாகப் பிரெஞ்சுப் பகுதிகளுக்கு

நெப்போலியன் போர்கள் முடிவடைந்த 1815ஆம் ஆண்டில், தொடக்கக் கல்விக்கான சங்கம் ஒன்று பாரிசில் நிறுவப்பட்டது. அது ‘ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறை’ என்ற பெயரில் இம்முறையைப் பிரான்சில் பரப்பியது. ஆப்பிரிக்காவில் பிரான்சின் ஆட்சியில் இருந்த செனகலின் செயின்ட் லூயி நகரில் ழான் தார் என்ற ஆசிரியர் 1817ஆம் ஆண்டு இம்முறையில் பள்ளி தொடங்கினார். அங்கு வழங்கிய வோலோப் மொழியையும் அவர் கற்பித்தலில் பயன்படுத்தினார். தென்னிந்தியத் திண்ணையில் பிறந்த வழக்கம் இரு பேரரசுகளின் வழியே வேறொரு கண்டத்தின் குழந்தைகளிடம் சென்று சேர்ந்தது.

பிரான்சில் இதற்கு எதிரான முறை ஒன்றும் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ழான் பாப்டிஸ்ட் தெ லசால் தோற்றுவித்த துறவற ஆசிரியர் சபையினர், ஒரு பிரிவு முழுவதற்கும் ஆசிரியரே நேரில், ஒரே நேரத்தில், ஒரே பாடத்தைக் கற்பித்தனர். 1833ஆம் ஆண்டு கிசோ சட்டம் வந்தபின் இந்த முறையே பிரான்சில் மேலோங்கியது. 1868ஆம் ஆண்டு ஒக்தாவ் கிரேயார் பாரிசுப் பகுதிப் பள்ளிகளைத் தொடக்கநிலை, நடுநிலை, உயர்நிலை என்ற படிநிலைகளாக ஒழுங்குபடுத்தினார். அடுத்த சில பத்தாண்டுகளில் அதுவே நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று.

புதுச்சேரியிலும் 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு முறைக் கல்வி வேரூன்றியது. ஆளுநர் தெபாசேன் தெ ரிஷ்மோன் காலத்தில், 1826ஆம் ஆண்டு, அரசக் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றைய பிரெஞ்சு லிசே அதன் தொடர்ச்சியாகும். 1827ஆம் ஆண்டு பொது நூலகம் நிறுவப்பட்டது. குளூனி செயின்ட் ஜோசப் சபைக் கன்னியர் அதே ஆண்டு புதுவைக்கு வந்து பெண் கல்வியில் ஈடுபட்டனர். லிசேயின் தொடக்கப் பிரிவில் இன்றும் ஆயத்த நிலை, தொடக்க நிலை, நடுநிலை என்ற பிரெஞ்சு வகுப்புப் பெயர்களே வழங்குகின்றன.

ஆண்டு வகுப்பு வந்தபின்

ஆங்கிலேயர் ஆண்ட தமிழகத்திலும் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுவையிலும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏறத்தாழ ஒரே மாற்றம் நிகழ்ந்தது. வயதுக்கேற்ற வகுப்பு, வகுப்புக்கொரு பாடநூல், ஆண்டுக்கொரு தேர்வு என்ற அமைப்பு நிலைபெற்றது. இதில் நன்மைகள் உண்டு. எல்லோருக்கும் பொதுவான பாடம் கிடைத்தது. திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் காலப்போக்கில் பொதுப்பள்ளியின் கதவு திறந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியரே ஒவ்வொரு குழந்தைக்கும் பொறுப்பானார்.

இழப்பும் இருந்தது. திண்ணையில் ஒரு சிறுவன் அரிச்சுவடியை முடிக்காமல் அடுத்த சுவடிக்குப் போவதில்லை. ஆண்டு வகுப்பில் எழுத்துகள் முழுதும் தெரியாத குழந்தையும் சூன் மாதத்தில் அடுத்த பாடநூலைக் கையில் ஏந்தும். பாடம் நகர்ந்துகொண்டே இருக்கும். குழந்தை நின்ற இடத்திலேயே நிற்கும். தேர்ச்சி பெறாதவர்களை அதே வகுப்பில் நிறுத்தி வைத்த காலத்திலும் இது தீரவில்லை. தெரியாத ஒரு பகுதிக்காக எல்லாப் பாடங்களையும் மீண்டும் ஓராண்டு படிக்க நேர்ந்தது. பலர் பள்ளியை விட்டே நின்றனர்.

பறவைப் பெயர் சூட்டப்பட்ட குழுக்கள்

ஆண்டு வகுப்புக்குள் மீண்டும் குழு முறையைக் கொண்டுவரும் முயற்சி 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் பெருவழக்காயிற்று. ஒரு வகுப்பை வாசிப்புத் திறனுக்கேற்ப மூன்றாகப் பிரித்து, ஆசிரியர் ஒவ்வொரு குழுவையும் முறை வைத்து அழைத்துப் படிக்க வைப்பார். தாழ்வுணர்ச்சி வராதிருக்கக் குழுக்களுக்குப் பறவை, விலங்குப் பெயர்கள் சூட்டப்பட்டன. பெயர் எதுவானாலும் எது மேல், எது கீழ் என்பது குழந்தைகளுக்குத் தெரிந்தே இருந்தது.

இதன் தீய விளைவைச் சமூகவியலாளர் ரே ரிஸ்ட் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு மழலையர் வகுப்பில் பள்ளி தொடங்கிய எட்டாம் நாளே குழந்தைகள் மூன்று மேசைகளுக்குப் பிரிக்கப்பட்டனர். எந்த வாசிப்புத் தேர்வும் நடத்தப்படவில்லை. உடை, பேச்சு, குடும்ப நிலை ஆகியவற்றை ஒட்டியே அந்தப் பிரிவு அமைந்திருந்தது. முதல் மேசைக்கு ஆசிரியரின் கவனம் மிகுதியாகக் கிடைத்தது. இரண்டாம் வகுப்புக்கு வந்தபோதும் கடைசி மேசைக் குழந்தைகள் ஏறத்தாழ அதே கீழ்க்குழுவிலேயே இருந்தனர்.

இதற்கு மாறான சான்றும் அதே நாட்டில் உண்டு. மிசௌரி மாநிலத்தின் ஜாப்ளின் நகரப் பள்ளிகளில் 1950களில் வேறொரு ஏற்பாடு நடந்தது. வாசிப்பு நேரத்துக்கு மட்டும் நான்காம், ஐந்தாம், ஆறாம் வகுப்புக் குழந்தைகள் தங்கள் வகுப்பை விட்டு எழுந்து, தங்கள் வாசிப்பு நிலைக்குரிய அறைக்குச் சென்றனர். நேரம் முடிந்ததும் தத்தம் வகுப்புக்குத் திரும்பினர். கல்வி ஆய்வாளர் ராபர்ட் ஸ்லேவின் 1987ஆம் ஆண்டு பல ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிட்டார். குழந்தைகளை நாள் முழுவதும் திறன்வாரியாகத் தனி வகுப்புகளில் பிரித்து வைப்பதால் பயன் தென்படவில்லை என்றும், ஜாப்ளின் போல வாசிப்புக்கு மட்டும் பிரித்துக் கற்பிப்பது நல்ல பயன் தந்தது என்றும் அவர் முடிவு கண்டார்.

நம் பள்ளிகளிலும் ‘மெல்லக் கற்போர்’, ‘மீத்திறன் மாணவர்’ என்ற பெயர்கள் உண்டு. கடைசி வரிசைக்கு ‘மாப்பிள்ளை பெஞ்ச்’ என்ற கேலிப் பெயரும் உண்டு. சாதியும் வறுமையும் குழந்தையின் உடையிலும் பேச்சிலும் தெரியும் சமூகத்தில், ரிஸ்ட் கண்ட ஆபத்து அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று.

செயல்வழிக் கற்றலும் கற்றல் ஏணியும்

தமிழகத்தில் குழு முறை 2003ஆம் ஆண்டு புதிய வடிவில் திரும்பியது. ஆந்திரத்தின் ரிஷிவேலிக் கல்வி மையம், சிற்றூர்ப் பள்ளிகளுக்காக அட்டைகளையும் ஏணி வடிவப் பாடப் படிகளையும் உருவாக்கியிருந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08ஆம் கல்வியாண்டில் அது தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது.

இம்முறையில் குழந்தைகள் பாயில் வட்டமாக அமர்ந்தனர். குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் கரும்பலகை இருந்தது. குழந்தை ஏணியில் தான் நிற்கும் படியைப் பார்த்து அதற்குரிய அட்டையை எடுக்கும். அந்த அட்டை, எந்தக் குழுவில் அமர வேண்டும் என்பதைக் காட்டும். ஆசிரியரின் முழு உதவியோடு கற்கும் குழு, ஆசிரியரின் பகுதி உதவியோடு கற்கும் குழு, உடன் பயில்வோரின் முழு உதவியோடு கற்கும் குழு, அவர்களின் பகுதி உதவியோடு கற்கும் குழு, தானே கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு என ஆறு குழுக்கள் இருந்தன.

இங்குக் குழு குழந்தையின் அறிவுக்கு இடப்பட்ட பெயர் அன்று. அன்றைய செயலுக்கு வேண்டிய உதவியின் பெயர். புதிய எழுத்தை அறிமுகம் செய்யும் அட்டை வந்தால், நன்றாகப் படிக்கும் குழந்தையும் ஆசிரியர் அருகே அமரும். பயிற்சி அட்டை வந்தால், பின்தங்கிய குழந்தையும் தானே கற்கும் குழுவுக்குச் செல்லும். ஒரே நாளில் ஒரு குழந்தை இரண்டு மூன்று குழுக்களுக்கு மாறியது.

இம்முறைக்கும் இடர்கள் வந்தன. அட்டைகள் மிகப் பல. ஆறு குழுக்களையும் ஒரே ஆசிரியர் கவனிப்பது கடினம். வீட்டுப்பாடமும் புத்தகமும் இல்லையே என்று பெற்றோர் குறைபட்டனர். 2012-13இல் முப்பருவ முறை வந்தபின் பாடநூலுக்கு மீண்டும் கூடுதல் இடம் கிடைத்தது.

அரும்பு, மொட்டு, மலர்

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடப்பட்டதால் வாசிப்பு இடைவெளி மேலும் விரிந்தது. நடுவண் அரசு 2021ஆம் ஆண்டு சூலையில் நிபுண் பாரத் இயக்கத்தைத் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் பொருள் உணர்ந்து படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். தமிழக அரசு 2022ஆம் ஆண்டு சூனில் எண்ணும் எழுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் குழந்தைகள் அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்கப்படுகின்றனர். அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும் என்ற குறிப்பு அப்பெயர்களிலேயே உள்ளது. பெயருக்கேற்ப நடக்கிறதா என்பது, குழந்தை மறுபடி எப்போது மதிப்பிடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

1995ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கிய பிரதம் என்ற தொண்டு நிறுவனத்தின் முறையும் இங்குக் குறிப்பிடத்தக்கது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை, எழுத்து, சொல், பத்தி, கதை என்ற வாசிப்பு நிலைகளின்படி நாள்தோறும் ஓரிரு மணிநேரம் மட்டும் சேர்த்து அமர்த்திக் கற்பிப்பது அது. சில நிமிட வாய்மொழித் தேர்வே போதுமானது. 2019ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுப்லோவும் தம் குழுவினருடன் இம்முறையைக் களத்தில் சோதித்து, வாசிப்பு மேம்படுவதைக் கண்டனர்.

தமிழ் வாசிப்புக்குக் குழு அமைத்தல்

தமிழில் 247 எழுத்துகள் உள்ளன. ஆயினும் குழந்தை 247 வடிவங்களைத் தனித்தனியே கற்பதில்லை. மெய்யையும் உயிர்க்குறியையும் சேர்க்கும் முறையைப் பிடித்துக்கொண்டால் பெரும்பகுதி விளங்கிவிடும். எனவே தடுமாற்றம் குறிப்பிட்ட சில இடங்களிலேயே வரும்.

‘கொ’ என்பதைப் பார்க்கும் குழந்தை, முன்னால் ஒற்றைக்கொம்பும் பின்னால் துணைக்காலும் இருப்பதால், ‘கெ’, ‘கா’ என்று இரண்டாகப் படிக்கலாம். வேறொரு குழந்தை ஒற்றெழுத்தை விட்டுவிட்டுப் ‘பட்டம்’ என்பதைப் ‘படம்’ என்று படிக்கலாம். மற்றொன்று ல, ள, ழ வேறுபாட்டில் தடுமாறும். இன்னொன்று எல்லாவற்றையும் சரியாக ஒலிக்கும். ஆனால் வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்று கேட்டுப் பழகியதால், ‘வந்துவிட்டார்கள்’ என்பதன் பொருளை உடனே பிடிக்காது. இந்நால்வரையும் ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரே குழுவில் அமர்த்தினால் மூவருக்குத் தேவையற்ற பாடமே கிடைக்கும். கொம்புக் குறியில் தடுமாறுவோரை மட்டும் சேர்த்துச் சில நாள் பயிற்சி அளித்து, சரியானதும் அந்தக் குழுவைக் கலைத்துவிட வேண்டும்.

ஒரு குழுவோடு ஆசிரியர் அமர்ந்திருக்கும்போது மற்றவர்கள் என்ன செய்வது என்பது நடைமுறைக் கேள்வி. திண்ணையில் இதற்குச் சட்டாம்பிள்ளை இருந்தான். இன்றைய வகுப்பில் இணைவாசிப்பு, படக்கதை நூல்கள், சொல்லட்டைகள் ஆகியன உதவும். ஆனால் நன்றாகப் படிக்கும் குழந்தையையே நாள்தோறும் சட்டாம்பிள்ளை ஆக்கிவிடலாகாது. அதற்கும் புதிதாகப் படிக்க உரிமை உண்டு. எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து ஒரு கதையைக் கேட்டுப் பேசும் நேரமும் நாள்தோறும் வேண்டும். எழுத்தில் பின்தங்கிய குழந்தை அந்த நேரத்தில் கருத்தில் முன்னிற்கக்கூடும்.

வரலாறு கூறும் அளவுகோல்

பெல்லாரித் திண்ணையில் நான்கு பிரிவுகள், லங்காஸ்டர் பள்ளியில் எட்டு, அமெரிக்க வகுப்பில் மூன்று, செயல்வழிக் கற்றலில் ஆறு, எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மூன்று என்று எண்ணிக்கை மாறிக்கொண்டே வந்துள்ளது. பயனைத் தீர்மானித்தது எண்ணிக்கை அன்று. குழந்தையின் வாசிப்பை நேரில் கேட்டபின் குழு அமைக்கப்பட்டதா, வாசிப்புக்கு மட்டும் அமைக்கப்பட்டதா, ஆசிரியரின் கண் கீழ்க்குழுவின் மீதும் இருந்ததா, தேறிய குழந்தை உடனே வெளியேற முடிந்ததா என்ற நான்குமே தீர்மானித்தன. இவை இருந்த இடத்தில் குழு படிக்கட்டாக இருந்தது. இல்லாத இடத்தில் சுவராயிற்று.

ஆகவே ஒரு பள்ளியில் வாசிப்புக் குழு முறை எவ்வாறு நடக்கிறது என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. சூலை மாதத்துக் குழுப் பட்டியலையும் திசம்பர் மாதத்துக் குழுப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். கீழ்க்குழுவில் அதே பெயர்கள் இருந்தால், மாற்றப்பட வேண்டியது கற்பிக்கும் முறையே அன்றி அந்தக் குழந்தைகள் அல்லர்.